மிதக்கும் கல் எரிமலைக் கல்லா? ராமநாதபுரம் கரையின் பாறைக் கதை

கேட்டவர் பரமக்குடிக்காரர். மகளைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போயிருக்கிறார். தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல்லைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் "இது எரிமலைக் கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகளின் பாடப் புத்தகமோ நம் கடற்கரையைப் படிவுப் பாறை, அதாவது மண்ணும் மணலும் படிந்து இறுகிய பாறை, உள்ள பகுதி என்கிறது. "எது சரி? இங்கே எரிமலை இருந்ததா? இருந்திருந்தால் அந்தப் பாறை எங்கே போயிற்று? ஒரே வட்டாரத்தில் படிவுப் பாறையும் எரிமலைப் பாறையும் எப்படிச் சேர்ந்திருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

மண்டபம் பக்கத்தில் பிறந்து, மண்ணியல் படித்து, பல வருடம் ஆழக் கிணறு துளையிடும் துரப்பண ரிக்குகளில் மண்ணுக்கடியிலிருந்து வரும் கல்துகளைக் கழுவிப் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். அந்த உரிமையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் சுருக்கம். ராமநாதபுரம் கரையில் தரைமேல் எரிமலைப் பாறை கிடையாது. எரிமலை என்று நாம் சந்தேகப்படும் பொருள்களில் அநேகமாக எல்லாமே வேறு ஏதோ ஒன்று. ஆனால் எரிமலை இந்தப் பக்கம் வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கரையிலிருந்து தெற்கே, மன்னார்ப் படுகையின் கடலடியில், படிவுப் பாறைகளுக்குக் கீழும் நடுவிலும் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வில் பிறந்தவை. அதுதான் சுவாரஸ்யமான பகுதி. அதற்கு முன் உங்கள் தொட்டிக் கல்லுக்கு வருவோம்.

ராமேஸ்வரத்தில் மிதக்க வைத்துக் காட்டும் கற்களில் நான் கையில் எடுத்துப் பார்த்தவை பவளக் கற்கள். நம்பிக்கை பற்றி நான் எதுவும் சொல்லவில்லை; கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அப்பத்தா வீடு தங்கச்சிமடத்தில் இருந்தது. பழைய வீடு. சமையலறைப் பக்கச் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்த இடத்தில் உள்ளே இருந்த கல் தெரியும். கல் முழுக்கச் சின்னச் சின்னப் பூ. ஒவ்வொரு பூவும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் சக்கரத்தின் ஆரங்கள் போல மெல்லிய தடுப்புகள். விரல் நுனியால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பென்சிலும் காகிதமும் வைத்துத் தேய்த்து அந்தப் பூக்களை நோட்டில் பதிவெடுப்பது எங்கள் விளையாட்டு. ஒவ்வொரு பூவும் ஒரு பவள உயிர் உட்கார்ந்திருந்த வீடு என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பவளக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அந்தக் கனிமம் தண்ணீரைவிட ஏறக்குறைய 3 மடங்கு கனம். அப்படியானால் எப்படி மிதக்கும்? சில கல்லுக்குள் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் வெற்றிடமாக இருக்கலாம். கரையில் ஒதுங்கி, வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்து, அந்த வெற்றிடம் முழுக்கக் காற்று நிறைந்த பிறகு தண்ணீரில் போட்டால், சில இனங்களின் கல் மிதக்கத்தான் செய்யும். எல்லாம் மிதக்காது. கடற்கரையில் பத்துக் கல் பொறுக்கிப் போட்டால் ஒன்பது மூழ்கும்; மிதக்கிற ஒன்றுதான் தொட்டிக்குப் போகிறது. அதிலும் துளைகளுக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும்.

அப்படியானால் எரிமலைக் கல் என்றவர் முழுக்கத் தவறா? அதுவும் இல்லை. நுரைக்கல் என்று ஒன்று உண்டு. குதிகால் தேய்க்க மருந்துக் கடையில் விற்பார்களே, அந்தப் பியூமிஸ். எரிமலைக் குழம்பில் கரைந்திருந்த வாயு, சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவது போல ஒரேயடியாக நுரைத்து, அந்த நுரை அப்படியே கண்ணாடியாக உறைந்தால் நுரைக்கல். அது கடலில் மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் மிதக்கும். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது நுரைக்கல் திட்டுத் திட்டாக இந்தியப் பெருங்கடல் முழுக்க மிதந்து, அடுத்த வருடம் ஆப்பிரிக்கக் கரை வரை போய் ஒதுங்கியது. ஆகவே வாடைக்காற்றுக் காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் ஒரு நுரைக்கல் ஒதுங்கினால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அது விருந்தாளி. கரையில் கிடக்கும் தாய்லாந்துக் காலணி, மியான்மர் பாட்டில் போல, வந்து ஒதுங்கிய கல். அதை வைத்து இங்கே எரிமலை இருந்தது என்று சொல்வது, கரையில் தேங்காய் ஒதுங்கியதால் கடலுக்குள் தென்னந்தோப்பு இருக்கிறது என்பதைப் போன்றது.

மண்ணியல் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது இதுதான். ஒரு கல் எங்கே கிடக்கிறது என்பது வேறு, எங்கே பிறந்தது என்பது வேறு. தாய்ப்பாறையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது.

இதே தவறு இந்த மாவட்டத்தில் இன்னும் மூன்று இடத்தில் நடக்கிறது. ஒன்று, கரிசல். "கரிசல் மண் எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து உண்டாகிறது" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தக்காணப் பீடபூமிக்கு, மகாராஷ்டிரப் பக்கத்துக்கு, அது சரி. அதை அப்படியே கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் கொண்டுவந்து, "நம்ம ஊரிலும் எரிமலை இருந்திருக்கு" என்று பேசுவோர் உண்டு. நம் கரிசலுக்கு எரிமலை தேவைப்படவில்லை. மேற்கே இருக்கும் நைஸ், சார்னோக்கைட் என்ற, ஆழத்தில் வெந்து உருமாறிய பழைய பாறைகளில் இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் இருக்கின்றன. அவை சிதைந்து வந்த களிமண், சரிவே இல்லாத சமவெளியில் வடியாமல் தேங்கி, வருடத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து, மறுபடி நனைந்து, தண்ணீர் பட்டால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கிற வகைக் களியாக மாறிவிடுகிறது. கறுப்பு நிறத்தைப் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியாது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாயின் காரத்துக்கு எரிமலையைக் காரணம் காட்டி ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவது, கருமணல். பெரிய அலைக்குப் பிறகு கரையில் கறுப்புக் கீற்றுக் கீற்றாக மணல் படிந்திருக்கும். ஹவாய்த் தீவுக் கடற்கரைகளில் மணல் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் எரிமலைப் பாறை. நம் கரையில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். அதோடு கலந்திருக்கும் இளஞ்சிவப்பு மணி கார்னெட். இவை ஆறுகள் மேற்கு மலைகளிலிருந்தும் சமவெளியிலிருந்தும் அரித்துக் கொண்டுவந்தவை. கனமானவை என்பதால், அலை வெண்மணலை இழுத்துக்கொண்டு போகும்போது இவை பின்தங்கிவிடும். அப்பத்தா முறத்தில் அரிசி புடைக்கும்போது கல் ஒரு பக்கம் ஒதுங்குமே, அதே வேலையைத்தான் அலை செய்கிறது.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கை. அரிச்சல்முனைக்குப் போகும் சாலையின் ஓரத்தில் கறுப்பு கறுப்பாகப் பெரிய பாறைகள் அடுக்கியிருக்கும். அவற்றைப் படம் எடுத்து "எரிமலைப் பாறையா சார்?" என்று எனக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவை கடலரிப்பைத் தடுக்க லாரியில் வந்த கற்கள். உள்நாட்டுக் குவாரியில் வெட்டியவை. ராமேஸ்வரம் தீவில் இயற்கையாகக் கருங்கல்லே கிடையாது. கோயில் பிராகாரத் தூண்களுக்கான கல்லும் வெளியிலிருந்து வந்ததுதான்; அந்தக் காலத்தில் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்த உழைப்பை நினைத்தால் லாரி எல்லாம் ஒன்றுமே இல்லை.

சரி, இல்லாததை எல்லாம் சொல்லியாயிற்று. இருப்பதைப் பார்ப்போம்.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் ஜன்னலோரம் உட்காருங்கள். மதுரையில் யானைமலை, அதைச் சுற்றிக் குன்றுகள். இவை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறி, மேலே வந்த மிகப் பழைய பாறைகள். கடைசியாக அவை பெரிய வெப்பம் கண்டதே சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன். மானாமதுரை தாண்டினால் குன்று மறைந்துவிடும். பரமக்குடியில் கல் என்று கண்ணில் படுவது வீட்டுச் சுவரும் ரயில் பாதை ஜல்லியும்தான். ஜல்லியும் வெளியூர்ச் சரக்கு. ராமநாதபுரம், உச்சிப்புளி வரும்போது மணல், பனை, கண்மாய். மதுரையில் மேலே நின்ற அதே பாறை எங்கும் போகவில்லை. காலடியில் கிழக்கே போகப் போகப் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரம் வட்டாரத்தில் சில இடங்களில் அதைத் தொட வேண்டுமானால் பல கிலோமீட்டர் துளையிட வேண்டும்.

ஏன் இறங்குகிறது? ஒரு காலத்தில் இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. ஜுராசிக் காலத்தின் முடிவிலும் கிரெட்டேசியக் காலத்தின் தொடக்கத்திலும், அதாவது 15 கோடி ஆண்டு அளவில், இந்த நிலம் இழுபட ஆரம்பித்தது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுக்கும்போது நடுவில் மெலிந்து, சில இடத்தில் கிழியும் பாருங்கள், அப்படி. மெலிந்த இடத்தில் பாறை பலகை பலகையாக உடைந்து, சில பலகைகள் கீழே போயின. சில மேலேயே நின்றுவிட்டன. கீழே போனவை பள்ளங்கள். பெட்ரோலியத் துறையில் நாங்கள் இந்த முழு அமைப்பையும் காவிரிப் படுகை என்போம். அதன் தெற்குப் பள்ளங்களில் ஒன்றுதான் ராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம். அதற்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவில் கீழே போகாமல் நின்றுவிட்ட பலகைக்கு மண்டபம்–நெடுந்தீவு மேடு என்று பெயர். மேலே பார்த்தால் எந்த மேடும் தெரியாது; எல்லாம் மண்ணுக்கடியில்.

அப்புறம் நடந்தது மிக எளிமை. பள்ளம் இருந்தால் மண் வந்து விழும். ஆறு கொண்டுவந்த கூழாங்கல்லும் மணலும் முதலில். சிவகங்கைப் பக்கம் தரைமேலேயே தெரியும் கிரெட்டேசியத் தொடக்கக் காலப் படிவுகளில் இலைத் தடங்கள் கிடைக்கின்றன. டைலோபில்லம் என்ற, ஈந்துப்பனை சாயலில் இருந்த தாவரத்தின் இலைகள். அந்தக் காலத்தில் இங்கே கடல் இல்லை, ஆறும் காடும் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு கடல் உள்ளே வந்தது. மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தது. நடுநடுவே கடல் பின்வாங்கியது, மறுபடி வந்தது. கடலூர் மணற்கல் என்று ஒரு செம்மஞ்சள் படிவு வடக்கே புதுச்சேரி, நெய்வேலியிலிருந்து தெற்கே இந்தப் பக்கம் வரை வருகிறது. திருவக்கரைக் கல்மரங்கள் அதில்தான் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே வைகையின் வண்டல், கடற்கரை மணல், கரையோரத் தேரிச் செம்மணல்.

கடைசிப் பூச்சு பவளம். பாம்பன் வடகரையில் கடல் வற்றி நிற்கும் நேரத்தில் இறங்கிப் பாருங்கள். செத்த பவளத் திட்டு தண்ணீருக்கு மேலே தட்டையாகத் தெரியும். அதன் வயது சுமார் 4,000 ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயிர்ப் பவளம் தண்ணீருக்கு மேலே வளராது. ஆகவே அப்போது கடல்மட்டம் இன்றைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்திருக்க வேண்டும், அல்லது நிலம் சற்று எழுந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மீனவர்கள் கடலடியில் இருக்கும் இப்படிப்பட்ட கல் தளத்தைப் "பார்" என்பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் சொல். "பாருல வலை மாட்டிக்கிச்சு அண்ணே" என்று ஒருவர் சொன்னால், ஒரு படிவுப் பாறை உருவாகிக்கொண்டிருக்கும் இடத்தைத்தான் அவர் சுட்டிக்காட்டுகிறார். படிவுப் பாறை என்றாலே பழசு என்று நினைக்கிறோம். மண்டபம் கரையில் மணலும் சிப்பியும் சுண்ணாம்புப் பசையால் இறுகிய தட்டுக்கற்களை உடைத்தால், சிப்பி இன்னும் பளபளப்பு மாறாமல் இருக்கும்.

இப்போது எரிமலை.

பூமியின் மேலோடு இழுபட்டு மெலியும்போது, அதன் கீழே இருக்கும் சூடான பாறை மேல்நோக்கி எழும். மேலே வர வர அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால், கூடுதல் சூடே இல்லாமல் அந்தப் பாறையில் ஒரு பகுதி உருகும். உருகியது விரிசல் வழியாக ஏறும். ஆகவே ஒரே இழுப்பு இரண்டு வேலை செய்கிறது. மேலே பள்ளம் உண்டாக்கி மண் சேரவைக்கிறது. கீழே பாறையை உருக்கிக் குழம்பு உண்டாக்குகிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான். படிவுப் பாறை வேறு வட்டாரத்துக் கதை, எரிமலைப் பாறை வேறு வட்டாரத்துக் கதை என்று பிரிக்க வேண்டியதில்லை. கண்டம் பிளக்கிற இடத்தில் இரண்டும் ஒரே வீட்டில் பிறக்கும். எவ்வளவு இழுபட்டது, எவ்வளவு வேகமாக இழுபட்டது, கீழே எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து எது அதிகம் என்பது மாறும்.

காவிரிப் படுகையில் இழுப்பு பாதியில் நின்றுவிட்டது. அண்டார்க்டிகா பிரிந்து போய்விட்டது. இலங்கை முழுக்கப் பிரியாமல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. பாக் விரிகுடா இன்றும் ஆழமில்லாத கடல். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தபோது அது வெறும் தரை. ஆகவே நம் பக்கம் மண் அதிகம், குழம்பு குறைவு. மன்னார் வளைகுடாவின் தெற்கே போகப் போக மேலோடு இன்னும் மெலிந்திருக்கிறது. அங்கேதான் குழம்பு வந்தது. 2011இல் இலங்கைப் பக்க மன்னார்ப் படுகையில் டொராடோ, பாராகுடா என்று பெயரிட்டுக் கிணறுகள் துளையிட்டார்கள். இரண்டிலும் இயற்கை எரிவாயு கிடைத்தது. பாராகுடாவில் கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதியை ஒட்டிய எரிமலைப் பாறையும் வந்தது. கீழேயும் படிவு, மேலேயும் படிவு, நடுவில் பசால்ட் என்ற கறுப்பு எரிமலைப் பாறை.

துளையிடும்போது அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். களிக்கல்லில் துரப்பணம் போகும்போது சலசலவென்று இறங்கும். சல்லடையில் விழும் துகள் சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பொடியும். பசால்ட் வந்ததும் வேகம் படுத்துவிடும். மணிக்கு இத்தனை மீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று சரியும். சல்லடையில் கரும்பச்சையாக, கோணல் மூலையோடு, கனமான துகள் விழும். அமிலம் ஒரு சொட்டு விட்டால், சுண்ணாம்புக்கல் போலப் பொங்காமல், பேசாமல் கிடக்கும். ரிக்கில் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட அந்தச் சத்த மாற்றத்தில் எழுந்துவிடுவார்.

இப்படி அடுக்குக்கு நடுவே பசால்ட் இருந்தால் ஒரு கேள்வி வரும். குழம்பு தரைமேல் வழிந்தோடி, பிறகு அதன்மேல் மண் படிந்ததா? அல்லது மண் முழுக்கப் படிந்த பிறகு கீழிருந்து குழம்பு ஏறி அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொண்டதா? இரண்டுக்கும் வயதுக் கணக்கு தலைகீழ். இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. வாழையிலையில் கொதிக்கக் கொதிக்கச் சோறு போட்டால் கீழ் இலை வதங்கும். சோறு ஆறிய பிறகு மேலே இன்னொரு இலை போட்டு மூடினால் அது பச்சையாகவே இருக்கும். ஆனால் சுடுசோற்றை இரண்டு இலைக்கு நடுவே வைத்துக் கட்டினால் இரண்டு இலையும் வதங்கும். பாறையிலும் அப்படியே. கீழ்ப் படிவு மட்டும் வெந்து செவந்திருந்தால் அது வழிந்தோடிய குழம்பு. மேல் படிவு அதற்குப் பிறகு வந்தது. மேலும் கீழும் வெந்திருந்தால் நடுவே புகுந்த குழம்பு. மேல் படிவு ஏற்கனவே இருந்தது. வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இதற்கு நாலு படம் போட்டிருப்பார்கள். எனக்கு இலைதான் எப்போதும் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதைக் கடலுக்கடியில் போகாமல் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் கோதாவரிக் கரைக்குப் போக வேண்டும். ராஜமகேந்திரவரம் பக்கம் காட்டேறு, பங்கிடி, துத்துக்கூறு ஊர்க் குவாரிகளில் கீழே கடற்படிவு, அதன்மேல் பசால்ட், பசால்ட்டுக்கு நடுவே சிப்பிகளோடு சுண்ணாம்புக்கல், மறுபடி பசால்ட் என்று அடுக்கு நிற்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் தக்காணத்தில் பொங்கிய குழம்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே ஓடிவந்து கடலோரத்தில் விழுந்திருக்கிறது என்பது பலருடைய கருத்து. ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் இடையே கடல் உயிர்கள் திரும்பி வந்து குடியேறி, சிப்பி விட்டுப் போகும் அளவுக்கு நேரம் இருந்திருக்கிறது. அந்தச் சிப்பி அடுக்கை முதல்முறை பார்த்தபோது, எரிமலை என்றால் எல்லாம் அழிந்து முடிந்தது என்ற சினிமாக் காட்சி என் மனதிலிருந்து போயே போய்விட்டது.

எரிமலைப் பாறை படிவுகளுக்கு இன்னொரு பெரிய உதவி செய்கிறது. மணற்கல்லின் வயதை நேரடியாக அளக்க முயன்றால், மணல் மணி பிறந்த வயதுதான் கிடைக்கும். நம் கரை மணலில் சிர்க்கான் என்ற கனிமத்தின் ஒரு மணியை எடுத்து அளந்தால் 55 கோடி ஆண்டு என்று வரலாம். மணலோ நேற்று அலையில் வந்தது. ஆனால் படிவுகளுக்கு நடுவே ஒரு சாம்பல் அடுக்கோ குழம்பு அடுக்கோ இருந்தால், அது உறைந்த நாளையே கனிமங்கள் கணக்கு வைத்திருக்கும். அதற்குக் கீழே உள்ளது அதைவிடப் பழசு, மேலே உள்ளது புதுசு. சுமார் 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவில் தோபா எரிமலை வெடித்தபோது கிளம்பிய சாம்பல் வங்கக் கடலடியிலும், ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம் பள்ளத்தாக்கிலும் படிந்திருக்கிறது. ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கல் கருவிகள் கிடைத்தன. சாம்பல் அடுக்கு இல்லையென்றால் அவற்றின் வயதுச் சண்டை இன்னும் முடிந்திருக்காது.

நம் ஊர் எரிவாயுவுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. பெரியபட்டினம், காஞ்சிரங்குடி, பெருங்குளம் பக்கம் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயு, கிரெட்டேசியக் கால மணற்கல் துளைகளிலிருந்து வருகிறது. வழுதூர் மின் நிலையம் ஓடுவது அதில்தான். கடல் உயிர்ச் சகதி களிக்கல்லாகி, ஆழத்தில் புதைந்து, சூட்டில் வெந்து, வாயுவாகி, மேலே மணற்கல்லில் வந்து அடைபட்டிருக்கிறது. சூடு எங்கிருந்து? ஆழத்தின் சாதாரணச் சூடே போதும். பிளவுப் படுகைகளில் மெலிந்த மேலோட்டின் வழியாகக் கீழ்ச்சூடு கூடுதலாக ஏறுவதால் வேலை சீக்கிரம் நடக்கும். எரிமலைக் குழம்பு பக்கத்தில் புகுந்தால் அது இரட்டை முனைக் கத்தி. அளவோடு என்றால் பழுக்கவைக்கும். மிஞ்சினால் கருக்கிவிடும்.

கடைசியாக, கேட்டவர் நேரடியாகக் கேட்காவிட்டாலும் பலரும் கேட்பது: இனி இங்கே எரிமலை வெடிக்குமா? 1998இல் திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் தரை உருகிக் கறுப்புக் கண்ணாடி போலக் குழம்பு வந்தது என்ற செய்தி வந்ததும், தென் மாவட்டம் முழுக்க இந்தப் பேச்சுதான். அதைக் குட்டி எரிமலை என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு. மின்கம்பத்தை ஒட்டி நடந்தது என்பதால், மின்சாரம் தரையில் இறங்கி மண்ணை உருக்கியது என்ற விளக்கத்தைத்தான் நான் ஏற்கிறேன். மின்னல் மணலில் விழுந்தாலும் கண்ணாடிக் குழாய் உண்டாகும்; எரிமலை தேவையில்லை. நம் கரையில் இழுப்பு நின்று பல கோடி ஆண்டாகிவிட்டது. இந்தியாவில் இப்போது உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு ஒன்றுதான். ராமேஸ்வரத்திலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் மேல்.

மகளுக்குக் காட்ட ஒரு சோதனை சொல்லுகிறேன். குதிகால் தேய்க்கும் நுரைக்கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அச்சில் செய்த போலி வேண்டாம், இயற்கைக் கல்லாகக் கேட்டு வாங்குங்கள். பவளத்துக்குப் பதிலாக ஒரு கிளிஞ்சல் துண்டு போதும், இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். இரண்டின்மேலும் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. கிளிஞ்சலில் குமிழி கிளம்பும். நுரைக்கல் சும்மா இருக்கும். பிறகு லென்ஸ் வைத்து நுரைக்கல்லின் துளைகளைப் பாருங்கள். ஒழுங்கே இல்லாமல், நீண்டும் நசுங்கியும் இருக்கும். பவளத்தில் இருக்கும் ஆரம் வைத்த பூ ஒன்றுகூட இருக்காது. ஒரே ஒரு விஷயம்: கரையில் கிடக்கும் பவளத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 2001 முதல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த கல்லானாலும் வழக்குதான். பார்க்க வேண்டுமென்றால் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் பழைய வீட்டுச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு போங்கள்.